பித்தளைத் திருகு

அன்று காலை எதிர்த் தீவில் புகை எழும்பவில்லை.

எல்வி சமையலறை ஜன்னலைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஏரி சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. அதற்கு அப்பால் தீவு, தீவில் பைன் மரங்கள், மரங்களுக்கு நடுவே நெஸ்தோரியின் வீட்டுப் புகைபோக்கி. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. புகையை மட்டும் காணோம்.

சைமா ஏரிக்கரைக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எதிர்க்கரையில் புகை தெரிந்தால் ஆள் எழுந்தாயிற்று, அடுப்பில் காப்பி இருக்கிறது, உயிருக்குப் பழுதில்லை என்று அர்த்தம். புருஷன் கலேவி போய்ச் சேர்ந்ததிலிருந்து எல்வி தன் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் அந்தப் புகையைப் பார்த்துவிடுவாள். பார்க்காவிட்டால் காப்பி தொண்டையில் இறங்காது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அறுபதைத் தாண்டியவள் இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வாள்?

நெஸ்தோரி கலேவியின் கூட்டாளி. இருவரும் ஒரே படகில் போய் வலை போட்டவர்கள். எல்வியையும் சேர்த்து மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நெஸ்தோரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "தீவுக்கு எவ வருவா" என்று ஒரே பதிலை வைத்திருந்தான். சனிக்கிழமை தவறாமல் படகில் வந்து எல்வியின் கரையில் நீராவிக் குளியல் போடுவான். அவன் தீவிலேயே குளியல் குடிசை உண்டு. "அங்க புகை சரியா வெளிய போக மாட்டேங்குது" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். படகு கட்டுகிற, கூரை போடுகிற ஆளுக்கு ஒரு புகைபோக்கியைச் சரிசெய்யத் தெரியாதாம். எல்வியும் நம்பியது போலவே இருந்துவிட்டாள். குளித்துவிட்டு வந்து காப்பி குடிப்பான், ஏலக்காய் ரொட்டி இரண்டு துண்டு தின்பான், வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவன் போல உட்கார்ந்திருப்பான், பிறகு போய்விடுவான். அவன் போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியும்.

கோடையில் ஏரியைக் கடக்கப் படகு இருக்கிறது. நடுக்குளிரில் பனி கெட்டியாகிவிட்டால் நடந்தே வரலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரெண்டுங்கெட்டான் காலம் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. படகை விடாத அளவுக்குப் பனி இருக்கும். ஆளைத் தாங்கும் அளவுக்கு இருக்காது. வாரக்கணக்கில் தீவு தனி, கரை தனி. பார்த்துக்கொள்ளலாம், போக முடியாது.

அந்தக் காலம் தொடங்குவதற்குள் எல்லாரும் படகு இஞ்சினில் தண்ணீர் இறக்கிவிடுவார்கள். ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் இஞ்சின் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி உறைந்தால் இரும்பு பிளந்துவிடும். அதனால் அடியில் இருக்கிற பித்தளைத் திருகைக் கழற்றி, சொட்டுச் சொட்டாக வடிய விட்டு, வாயைத் திறந்தபடியே விட்டுவிட வேண்டும். கழற்றிய திருகை மறுபடி போடக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைக் கதவோரம் ஆணியில் மாட்ட வேண்டும். வசந்தத்தில் மறதியாகத் திருகில்லாமல் படகை இறக்கிவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு புத்திசாலி தொடங்கிய வழக்கம். அந்தக் கரையில் ஆணி இல்லாத வீடு கிடையாது. திருகு ஆணிக்கு ஏறிவிட்டால் அந்த வீட்டு ஆண்பிள்ளை இனி எங்கும் போக மாட்டான் என்று பெண்கள் நிம்மதியாகப் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள்.

எல்வி வீட்டிலும் ஆணி இருந்தது. கலேவி இறந்த பிறகு படகை விற்றுவிட்டாள். ஆணி வெறுமையாக நின்றது. ஒரு வருஷம் அதில் காலண்டர் மாட்டிப் பார்த்தாள். மனது ஒப்பவில்லை, எடுத்துவிட்டாள்.

போன வருஷம் ரெண்டுங்கெட்டான் காலத்தில்தான் அவளுக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. எழுந்து தொலைபேசி வரை போகக்கூடத் தெம்பில்லை. தீவில் தொலைபேசி இல்லை. இரண்டு நாள் இந்த வீட்டுப் புகைபோக்கி சும்மா இருப்பதைப் பார்த்த நெஸ்தோரி, ஒரு சின்னத் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். ஒரு கால் படகுக்குள், ஒரு கால் பனிமேல். உதைத்து உதைத்துத் தள்ளிக்கொண்டு, பனி உடையும்போது படகுக்குள் தாவி, அரை நாள் எடுத்து வந்து சேர்ந்தான். இடுப்புவரை நனைந்து, தாடியில் பனி தொங்க அவன் கதவில் நின்றபோது எல்வி காய்ச்சலோடு காய்ச்சலாக அவனைத் திட்டித் தீர்த்தாள். அவன் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தான். அது வந்து அவளை ஏற்றிக்கொண்டதும், ஆடுகளுக்குத் தீனி போட வேண்டும் என்று வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் நகரத்தில் இருக்கிற தங்கை இர்யா பிடித்துக்கொண்டாள். என்னோடு வந்து இரு, தனியாகச் செத்துக் கிடக்கப் போகிறாயா என்று வாரத்துக்கு ஒரு முறை போனில் அழுதாள். எல்வி தட்டிக்கழிப்பதற்காக, "ஏரி உறைஞ்சதும் வந்துடறேன்" என்று சொல்லிவைத்தாள். கோடையில் சொன்ன வார்த்தை. அப்போது ஏரி உறைவது எங்கோ தூரத்தில் இருந்தது. ஆனால் ஏரி எந்த வருஷம் உறையாமல் இருந்திருக்கிறது?

அவளுக்குப் போக விருப்பமில்லை. உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான். ஒரு மனுஷன் ஒரே ஒரு வார்த்தை, "இரு" என்று சொன்னால் போதும், மூட்டை கட்டியதை அவிழ்த்துவிடுவாள். இரண்டு சனிக்கிழமைக்கு முன் அவனிடம் நேராகவே சொல்லிப் பார்த்தாள்.

"இர்யா வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன், நெஸ்தோரி. ஏரி உறைஞ்சதும்."

அவன் காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ம்" என்றான். வெகுநேரம் கழித்து, "அங்க லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"அப்ப நல்லது."

அந்தக் கல்லுளிமங்கனின் தலையில் கோப்பையைக் கவிழ்க்கலாமா என்று அவளுக்கு வந்தது. கவிழ்க்கவில்லை. இன்னொரு துண்டு ரொட்டி வைத்தாள்.

இப்போது அவன் வீட்டில் புகை இல்லை.

கடை வண்டியின் ஹாரன் கேட்டது. புதன்கிழமை தோறும் ரெய்னோ மளிகைச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கரையோர வீடுகளுக்கு வருவான். எல்வி மேலங்கியை மாட்டிக்கொண்டு போனாள்.

"ராத்திரி மைனஸ் பன்னெண்டாம், ரேடியோல சொல்றான்" என்றான் ரெய்னோ. "ஊரே இஞ்சின்ல தண்ணி இறக்கியாச்சு. உன் தீவுக்காரன் மட்டும் இன்னும் இறக்கலையாமே. கிறுக்கு பிடிச்சிருக்கா அவனுக்கு?"

"என் தீவுக்காரன் என்ன, நான் என்ன அவனுக்குக் காவலா? எனக்கென்ன தெரியும்."

"உனக்குத் தெரியாம இந்த ஏரில வேற யாருக்குத் தெரியும்?" சொல்லிவிட்டு அவன் எதையோ மென்று விழுங்குகிறவன் போலச் சிரித்தான். "காப்பித்தூள் ஒண்ணு போதுமா?"

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு? நானே ஊரைவிட்டுக் கிளம்பப் போறேன்."

"ரெண்டா வாங்கி வச்சுக்கோ. ஆள் வந்தா போனா வேணும்."

வாதாட அவளுக்கு மனமில்லை. புகையைப் பற்றிக் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

மத்தியானம் வரை அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. உருளைக்கிழங்கை உரித்தாள், உரித்ததையே மறுபடி எடுத்துப் பார்த்தாள். அவன் விழுந்து கிடக்கிறானோ? போன வருஷம் அவன் வந்தான். தனக்கு அங்கே போக ஒரு படகுகூட இல்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தட், தட், தட் என்று ஒற்றை இஞ்சின். ஏரியில் எத்தனை இஞ்சின் ஓடினாலும் அவள் காதுக்கு அது தெரியும். இடையிடையே கண்ணாடி நொறுங்குகிற ஓசை. கரையோரம் மெல்லிய பனி படிந்துவிட்டது, படகு அதை உடைத்துக்கொண்டு வருகிறது.

எல்வி நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை ஏப்ரனில் துடைத்தாள். துடைக்க ஒன்றுமில்லை.

நெஸ்தோரி படகை மரத்துறையில் கட்டிவிட்டு மேலே வந்தான். பனி பலகையை அறுத்துவிடாமல் இருக்கப் படகின் முகப்பில் தகரம் அடித்திருப்பது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய புகைபோட்ட மீன்.

"இன்னைக்கு சனிக்கிழமை இல்லையே" என்றாள் எல்வி. குரல் கடுமையாக வந்தது. பயந்தவளுக்கு அப்படித்தான் வரும்.

"இல்ல."

"காலைல உன் வீட்ல புகை வரல."

"அடுப்பு மூட்டல."

"ஏன்?"

"மூட்டல" என்றான், அதுவே காரணம் என்பது போல. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவனுடைய வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான்.

காப்பி போட்டாள். அவன் குடித்தான். எதிர் அறையில் அவள் கட்டிவைத்திருந்த பெட்டிகள் தெரிந்தன. அவன் அவற்றைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். விடைபெற வந்திருக்கிறான் என்று எல்விக்குப் பட்டது. அதற்காகத்தான் மீன், அதற்காகத்தான் புதன்கிழமை. இவ்வளவு தூரம் பனியை உடைத்துக்கொண்டு வந்தவனுக்கு ஒரு வார்த்தையை உடைக்க முடியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அவனுடைய கைகளையே பார்த்தாள். கறை படிந்த, வெடித்த கைகள். அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல அவளுக்கு எத்தனை சனிக்கிழமைகளாக இருக்கிறது என்று கணக்கே கிடையாது.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நவம்பரில் மூன்று மணிக்கு மேல் சூரியனை நம்ப முடியாது.

"கிளம்பு" என்றாள். "இருட்டினதும் தண்ணி இறுகிடும். நடுவழில மாட்டிக்கிட்டுத் தொங்கப்போற."

"ம்." எழுந்தான். தொப்பியைப் போட்டான். கதவோரம் ஒரு நொடி நின்று சுவரைப் பார்த்தான். பிறகு இறங்கிப் போனான்.

எல்வி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவன் போவதைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம். இஞ்சின் சத்தத்துக்காகக் காதை மட்டும் வைத்திருந்தாள். இதோ இஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவான், இதோ தட் தட் என்று தொடங்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகும், தீவோடு போய் முடிந்துவிடும். அதோடு எல்லாம் முடிந்தது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை. படியில் காலடிதான் கேட்டது. கதவு திறந்தது.

"பழைய பாத்திரம் ஏதாவது கிடைக்குமா?" என்றான் நெஸ்தோரி. "தட்டையா, அகலமா."

இலையுதிர் காலத்தில் அந்தக் கரையில் தட்டையான அகலப் பாத்திரத்துக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. எல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, தரையையே பார்த்தான். காது மட்டும் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"குளியல் குடிசைல, பெஞ்சுக்கு அடில" என்றாள். "கலேவியோடது."

சால்வையைப் போர்த்துக்கொண்டு லாந்தரோடு பின்னாலேயே போனாள். நெஸ்தோரி படகில் இஞ்சின் பெட்டியைத் திறந்து குனிந்திருந்தான். ஏரித் தண்ணீர் உள்ளே வரும் குழாயை முதலில் அடைத்தான். பாத்திரத்தை இஞ்சினுக்கு அடியில் நுழைத்தான். ஸ்பானரால் பித்தளைத் திருகை நெகிழ்த்தி, பிறகு விரலால் சுற்றிக் கழற்றினான்.

ஒரு சொட்டுகூட வரவில்லை.

எல்வி லாந்தரைக் கிட்டக் கொண்டுபோனாள். கலேவி ஒரு வருஷம் இப்படித்தான் திறந்தான். தண்ணீர் வரவில்லை, காலியாகத்தான் இருக்கிறது என்று சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து திருகை ஆணியில் மாட்டினான். வசந்தத்தில் பார்த்தால் இஞ்சின் விலாவில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அவசரக்காரன். ஆளும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான், போனதும் அப்படித்தான்.

"காலியா?" என்றாள்.

"இவ்வளவு தூரம் ஓடி வந்த இஞ்சின் எப்படிக் காலியாகும்? உள்ள நிறைய இருக்கு. துரு வந்து வாயை அடைச்சிருக்கு." கையை நீட்டினான். "மெல்லிசா ஏதாவது வேணும். கம்பி மாதிரி."

எல்வி கூந்தல் முடிச்சைத் தொட்டாள். பின்னல் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு வேலை செய்வது அவளுடைய வழக்கம். உருவிக் கொடுத்தாள். அவன் ஊசியைத் துளைக்குள் விட்டு மெதுவாகக் கிண்டினான். பொறுமையாக, பதறாமல் கிண்டினான். திடீரென்று பழுப்பாக ஒரு பீச்சல் அவன் சட்டைக்கையை நனைத்தது. பிறகு தண்ணீர் கொட்டத் தொடங்கியது. பாத்திரம் நிறைந்தது. அவன் அதை ஏரியில் ஊற்றிவிட்டு மறுபடி வைத்தான். இன்னும் வந்தது.

"யாரைப் போல இருக்குன்னு சொல்லட்டுமா அந்த இஞ்சின்?" என்றாள் எல்வி.

"வேணாம்" என்றான் நெஸ்தோரி. தாடிக்குள் சிரிப்பு அசைந்தது.

அப்போதுதான் படகின் முன்பக்கம் தார்ப்பாய்க்குள்ளிருந்து யாரோ கோபமாக முறையிட்டார்கள். எல்வி லாந்தரைத் தூக்கினாள். மீன் பெட்டி. பெட்டிக்குள் அவனுடைய பூனை மிர்ரி. அதற்குப் பக்கத்தில் போர்வைச் சுருள், உருளைக்கிழங்கு மூட்டை, பனிக்கு அடியில் போடும் வலைகள், அவனுடைய ஒரே நல்ல கோட்டு.

காலையில் ஏன் புகை வரவில்லை என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அடுப்பை அணைத்து, சாம்பலை வாரி, புகைபோக்கி மூடியைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான்.

"ஆடுங்க?"

"போன வாரமே ரெய்னோவோட மச்சானுக்குக் கொடுத்துட்டேன்."

அந்தக் கடைக்காரப் பயல் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இரண்டு பொட்டலம் காப்பித்தூளை என் தலையில் கட்டினானா என்று நினைத்தாள். கோபம் வரவில்லை.

"பனி கெட்டியானதும் நடந்து போயிடுவ" என்றாள். இதைக் கேட்காமல் விட அவளால் முடியவில்லை.

நெஸ்தோரி இஞ்சினின் இரும்புச் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினான். உள்ளே மிச்சமிருந்ததும் துப்பிக்கொண்டு வெளியே வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி சுற்றினான். எல்லாம் முடியும் வரை அவன் பதில் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன?

"பகல்ல வலை போடப் போவேன்" என்றான் கடைசியில். "சாயங்காலம் வந்துடுவேன்." துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "போன வருஷம் அந்தப் பக்கம் நின்னு ரெண்டு நாள் உன் புகைபோக்கியப் பாத்துக்கிட்டிருந்தேன், எல்வி. இன்னொரு தரம் என்னால முடியாது."

அவன் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். எல்வி குனிந்து பூனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். படகை நாளைக்குக் கரையேற்றிக்கொள்ளலாம்.

சமையலறைக்குள் வந்ததும் மிர்ரி நேராக அடுப்பின் கீழ் போய்ப் புகுந்துகொண்டது. நெஸ்தோரி கதவோரம் நின்றான். உள்ளங்கையில் பித்தளைத் திருகு, மேல் வளையத்தில் நூல் கோத்தது. சுவரிலிருந்த ஆணியைக் காட்டினான்.

"இது சும்மாதானே இருக்கு?"

"சும்மாதான் இருக்கு" என்றாள் எல்வி.

அவன் மாட்டினான். திருகு கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. அவள் அடுப்பில் இரண்டு பேருக்கான உருளைக்கிழங்கை ஏற்றினாள்.

தொலைபேசி அடித்தது. இர்யா.

"அக்கா, வானிலை கேட்டியா? ராத்திரி மைனஸ் பன்னெண்டாம். ஏரி மூடிடும்."

"மூடட்டும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வேனை அனுப்பிடறேன். பெட்டியெல்லாம் கட்டிட்டியா?"

"அனுப்பாத இர்யா."

"என்ன அனுப்பாத? வார்த்தை கொடுத்திருக்க. ஏரி உறைஞ்சா வரேன்னு நீதானே சொன்ன? மறுபடி என்ன சாக்கு?"

எல்வி கதவோரம் பார்த்தாள். நாற்காலியில் நெஸ்தோரி காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தவன், ஒரு நாளும் காலணியைக் கழற்றி அடுப்போரம் காய வைத்ததில்லை.

"நெஸ்தோரி இஞ்சின்ல தண்ணி இறக்கிட்டான்" என்றாள்.

இர்யாவும் அந்த ஏரிக்கரையில் பிறந்தவள்தான். லிஃப்டில் எத்தனை வருஷம் ஏறி இறங்கினாலும் அது மறந்துபோகுமா?

"எந்தக் கரைல?" என்று கேட்டாள், மெதுவாக.

"இந்தக் கரைல" என்றாள் எல்வி.